முழங்கை நீள்கிறதா, நீள்வதுபோலத் தெரிகிறதா?

போன மாதம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆயா தன் பேரனைக் கூட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் என் பிசியோ அறைக்கு வந்தார். பையனுக்கு 15 வயது. ஆஃப் ஸ்பின் போடுகிறவன். பந்தை எறிகிறான், இனிப் போடவேண்டாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்களாம். ஆதாரமாக ஒரு கைப்பேசி வீடியோ. அதன்மேல் ஏதோ ஆப் கோடு கிழித்து, முழங்கை அருகே 24 டிகிரி என்று காட்டியது. பையன் வாயே திறக்கவில்லை. ஆயாதான் பேசினார்: "ஐயா, இந்தப் புள்ளைக்குப் பொறந்ததிலேருந்தே கை நேரா நீளாது. அத யாரும் கேக்கல."

கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். கை மடங்கியிருப்பதை கிரிக்கெட் விதி தடுப்பதில்லை. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும்வரை முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதுதான் கணக்கு. 15 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, போனால் அது எறிதல். 25 டிகிரி மடங்கிய கை அப்படியே 25-ல் நின்றால் அது சரியான பந்துவீச்சு. அந்த ஆப் காட்டியது ஒரு படத்தில் தெரிந்த மடக்கத்தை. நீட்டத்தை அது அளக்கவே இல்லை.

இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. 1995-ல் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் அவர் பந்துகளை நோ பால் என்றார். பிறகு ஆய்வுக்கூடத்தில் பல கேமரா வைத்து அளந்தபோதுதான், கண் பார்த்ததும் எலும்பு செய்ததும் வேறுவேறு என்று புரிந்தது. 2010-ல் 800 விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

கண் ஏன் ஏமாறுகிறது? கண்ணாடி முன் நின்று கையை லேசாக மடக்கி, மடக்கத்தை மாற்றாமல் தோளிலிருந்து கையை உள்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் வளைவு தெரியும், இன்னொரு கோணத்தில் கை நேராகவே தெரியும். ஸ்பின் போடுகிறவனின் கை திருகிக்கொண்டேதான் வருகிறது. ஒரே கேமராவின் தட்டையான படத்தில் அந்தத் திருகல் நீட்டமாக மாறிவிடும்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. பந்தை விடும் நேரத்தில் மேல்கை வினாடிக்கு 1000 டிகிரிக்கு மேல் சுழலலாம். வினாடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் கை 33 டிகிரி போய்விடும். நமக்கு வேண்டிய கணமே படத்தில் இருக்காது.

ஆய்வுக்கூடத்தில் தோள், முழங்கையின் இரு பக்க எலும்பு முனை, மணிக்கட்டு என்று ஒளியைத் திருப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் அகச்சிவப்பு கேமராக்கள், வினாடிக்கு 200, 250 படம். ஓர் உருண்டையைக் குறைந்தது இரண்டு கேமரா பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று கணக்கிட முடியும். இதிலும் ஒரு குறை உண்டு. உருண்டை ஒட்டியிருப்பது தோலில், எலும்பில் அல்ல. தொடை போன்ற சதைப்பற்றான இடத்தில் தோல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஆகவே ஒட்டுகிறவரின் விரல் எலும்பைச் சரியாகத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய கேமராவும் அந்த விரலுக்கு ஈடாகாது.

உடம்பில் கட்டும் சென்சார்கள் இன்னொரு வழி. மைதானத்துக்கே எடுத்துப் போகலாம் என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றிலுள்ள காந்தமானி பக்கத்தில் இரும்போ மோட்டாரோ இருந்தால் திசை தவறும். காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தேன். வலது முழங்கால் இடதைவிட 10 டிகிரி அதிகம் உள்ளே திரும்புவதாக வந்தது. காலணியை மாற்றச் சொல்லிவிட்டேன். மறுவாரம் புல்தரையில் அளந்தபோது அந்த வித்தியாசமே இல்லை. அவரைக் கூப்பிட்டு, என் தவறு என்று சொல்லிப் பழைய காலணிக்கே திரும்பச் சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு இடத்தில் அளக்காமல் எதுவும் சொல்வதில்லை.

கைப்பேசியை ஒதுக்கச் சொல்லவில்லை. குந்தி எழும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா, போன மாதத்தைவிட முன்னேற்றம் உண்டா என்று பார்க்க நல்ல கருவி. கேமராவை ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், நேர் எதிரே வையுங்கள். ஒரு பிள்ளையை ஆட்டத்திலிருந்து நிறுத்தும் தீர்ப்பை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

பையனின் கையை மேசைமேல் தளர்வாக நீட்டவைத்து மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரால் மூன்று தடவை அளந்தேன். முழு நேருக்கு 18 டிகிரி குறைவு. மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதே எண். அவன் எறிகிறானா இல்லையா என்பதை இது சொல்லாது. சுழலும் கையை அளந்தால்தான் தெரியும். அதற்குரிய கூடங்கள் சில பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. பன்னாட்டு வீரர்களின் கையை அளக்க ஐசிசி, அதாவது பன்னாட்டு கிரிக்கெட் அமைப்பு, ஏற்றவற்றில் நம் பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் ஒன்று, சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திராவும் ஒன்று.

18 டிகிரி என்ற எண்ணையும் அது எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் எழுதி, முறையாக அளக்கும்வரை பையனை நிறுத்தவேண்டாம் என்று கிளப்புக்குக் கடிதம் கொடுத்தேன். ஆயா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பையன் அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினான். சனிக்கிழமை போடலாமா என்று கேட்டான்.