வயிற்றில் துப்பாக்கி, சக்கரத்தில் துப்பாக்கி

முதல் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு ஆசை வந்தது. பதுங்குகுழிக்கு மேலே தாழப் பறந்து, உள்ளே இருப்பவர்களைச் சுட ஒரு விமானம் வேண்டும். துப்பாக்கி இருந்தது, விமானமும் இருந்தது. ஒன்றை மற்றொன்றில் எங்கே பொருத்துவது என்பதில்தான் சிக்கல்.

ஜான் லார்சன் என்பவர் கண்ட வழி விசித்திரமானது. 1920களின் தொடக்கத்தில், யுங்கர்ஸ் பயணிகள் விமானம் ஒன்றின் தரைப்பலகையில் சுமார் 30 தாம்சன் துப்பாக்கிகளைக் கீழ்நோக்கிப் பதித்தார். குண்டர் கும்பல் படங்களில் வரும் அதே தாம்சன்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு துப்பாக்கி நிமிடத்துக்கு 800 முறை சுடும் என்றால் விநாடிக்குப் பதின்மூன்று. முப்பதுக்கும் சேர்த்து 400. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு விநாடியில் 45 மீட்டர் கடக்கும். ஆக, மீட்டருக்கு ஒன்பது தோட்டா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 தோட்டா கொள்ளும் டிரம், அதாவது வட்டமான தோட்டாப் பெட்டி, ஏழரை விநாடியில் காலி. அதற்குள் விமானம் சுமார் 340 மீட்டர் போயிருக்கும். முப்பது டிரம்மையும் பறந்தபடியே கழற்றி மாட்டுவது லேசான வேலை அல்ல.

அதைவிடப் பெரிய கோளாறு குறி. வயிற்றுக்கு நேர் கீழே இருப்பது விமானிக்குத் தெரியாது. மூக்கும் இறக்கையும் மறைக்கும். குத்துமதிப்பாகத்தான் விசையை அழுத்த வேண்டும். போதாததற்கு, எதிரியின் தலைக்கு மேலேயே போயாக வேண்டும். ராணுவம் வாங்காததில் வியப்பில்லை.

1921இல் போயிங் கட்டிய ஜிஏ-1 வேறு மாதிரி. மூன்றடுக்கு இறக்கை, இரண்டு எஞ்சின், ஒரு 37 மி.மீ. பீரங்கி, எட்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள். விமானத்தை நகர்த்தும் காற்றாடிகள் (புரொப்பெல்லர்) பின்பக்கம் இருந்ததால் முன்னே சுடத் தடையில்லை. ஆனால் கவசத்தகடு மட்டுமே ஏறக்குறைய ஒரு டன். அந்த எடையோடு அது பறந்தது என்பதைவிட ஊர்ந்தது என்பதே பொருத்தம். பத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

சரி, முன்னால் காற்றாடி இருந்தால்? சுடும் தோட்டா அதன் அலகிலேயே படும். அலகு விலகும் இடைவெளியில் மட்டும் சுடவைக்கும் பொறியமைப்பு ஒன்று உண்டு. ஆனால் அதனால் சுடும் வேகம் குறையும். 1931இல் பறந்த கர்டிஸ் ஏ-8 அந்த வம்பையே தவிர்த்தது: சக்கரங்களை மூடிய உறைக்குள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு துப்பாக்கிகள். காற்றாடி சுழலும் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் தடையில்லாமல் சுடலாம். விமானி மூக்கைச் சாய்த்தால் அதுவே குறி.

குண்டு விஷயம் தனிக் கதை. தாழப் பறந்து போடும் குண்டு உடனே பின்தங்கிவிடாது. விமானத்தின் வேகம் அதற்கும் இருக்கும். 50 மீட்டர் உயரத்திலிருந்து விழ மூன்று விநாடிக்குச் சற்று அதிகம். அதுவரை விமானத்துக்கு அடியிலேயே வந்து, அங்கேயே வெடிக்கும். போட்டவன் மேலேயே சிதறல் பாயும்! ஜார்ஜ் கென்னி என்ற அதிகாரி 1920களின் இறுதியில் குண்டின் வாலில் சிறு பாராசூட்டைக் கட்டிப் பார்த்தார். குண்டு பின்தங்கியது, விமானம் தப்பியது. 1942 செப்டம்பரில் நியூகினியின் பூனா விமானதளத்தில், ஜப்பானிய விமானங்கள் மீது அவருடைய படை அந்தக் குண்டுகளைத்தான் போட்டது.