குவர்க்ஸ் மோட்: கிறுக்கா, பழைய வழக்கமா?

வலைப்பக்கம் வடிவமைப்பவர்கள் 'பக்கம் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விட்டது' என்று சொல்வதுண்டு. உலாவி ஒரு பக்கத்தை இன்றைய விதிப்படி காட்டாமல் பழைய உலாவிகளின் வழக்கப்படி காட்டும் நிலை அது. குவர்க் என்ற ஆங்கிலச் சொல் 16ஆம் நூற்றாண்டில் வாதத்தில் செய்யும் சொற்புரட்டைக் குறித்தது. ஒருவருக்கே உரிய விசித்திரப் போக்கு என்ற பொருள் பிறகு வந்தது. அதன் வேர் இன்னும் பிடிபடவில்லை. ஓசையை வைத்து நம் 'கிறுக்கு' நினைவுக்கு வரும்; ஆனால் இரண்டையும் உறவாக்க ஆதாரம் ஏதும் இல்லை.

'கிறுக்குப் பாங்கு' என்று தமிழாக்கலாமா? கூடாது என்பேன். காரணம் இந்தச் சொல் பிறந்த கதையில் இருக்கிறது.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். 1996 டிசம்பரில் வந்த அதன் விதிப்படி, ஒரு பெட்டிக்கு அகலம் 200 பிக்சல் என்று எழுதினால் அது உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். இருபக்கமும் 20 இடைவெளி, 5 விளிம்பு சேர்த்தால் பெட்டி 250 ஆகும். விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இதே பெட்டியை 200க்குள் அடக்கி, உள்ளடக்கத்துக்கு 150 மட்டும் விட்டது. அந்தத் தப்புக் கணக்கை நம்பியே ஏராளமான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. உலாவியைத் திருத்தினால் அவை கலைந்துபோகும். திருத்தாவிட்டால் விதிப்படி எழுதியவருக்கு அநியாயம்.

வழி காட்டியது டாக்டைப், அதாவது ஆவண வகை அறிவிப்பு. வலைப்பக்க மொழிக்கு முன்னோடியான எஸ்ஜிஎம்எல் காலத்திலிருந்து பக்கத்தின் முதல் வரியில் நின்றாலும் உலாவிகள் அதைக் கண்டுகொண்டதில்லை. 2000 மார்ச்சில் மேக் கணினிக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டான்டெக் செலிக் டாக்டைப்பையே சுவிட்சாக்கினார். முறையான டாக்டைப் இருந்தால் புது விதி. இல்லாவிட்டால் பழைய நடத்தை, அதாவது குவர்க்ஸ் மோட். மற்ற உலாவிகளும் இதைப் பின்பற்றின.

அந்தப் பெட்டிக் கணக்கை இன்றைய உலாவிகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன, ஆனால் வேறு சில வழக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஒருமுறை என் பக்கத்தில் பத்திகள் நான் கொடுத்த 13 பிக்சலில் சரியாக இருக்க, அட்டவணைக்குள் மட்டும் எழுத்து 16க்குத் தாவி நின்றது. ஸ்டைல் கோப்பை வரிவரியாகப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் டாக்டைப்புக்கு முன்னால் ஒரே ஒரு புள்ளி, யார் கையோ தவறித் தட்டியது. அதை அழித்ததும் எழுத்து அடங்கியது. டாக்டைப்புக்கு முன் வெற்றிடம் இருந்தால் பரவாயில்லை. எழுத்தோ புள்ளியோ வந்துவிட்டால் டாக்டைப் இல்லாத பக்கம் என்றே உலாவி எடுத்துக்கொள்ளும். அப்புறம் அட்டவணை, பக்கத்துக்குக் கொடுத்த எழுத்தளவை வாங்கிக்கொள்ளாது.

ஆக இது கிறுக்கு அல்ல, பழைய பக்கங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது. 'பழவழக்கப் பாங்கு' என்பது என் தேர்வு. புது விதிப்படி காட்டும் ஸ்டாண்டர்ட்ஸ் மோடுக்குச் 'செந்தரப் பாங்கு'. உலாவியின் கன்சோலில், அதாவது கட்டளை தட்டும் பலகத்தில், டாக்குமென்ட்.காம்பேட்மோட் (document.compatMode) என்று கேட்டுப் பாருங்கள். பழவழக்கப் பாங்கில் இருந்தால் வரும் பதில் 'பேக்காம்பேட்', பழையதோடு ஒத்துப்போதல். குவர்க் என்ற சொல் அங்கே இல்லவே இல்லை.