கூடிக் குறையும் கட்டி

போன மாதம் ஏழு வயது லேப்ரடார் ஒன்றைக் கூட்டி வந்தார்கள். விலாவில் நெல்லிக்காய் அளவு கட்டி. “கொழுப்புக் கட்டிதான் டாக்டர். ஒரு நாள் பெருசாகுது, மறுநாள் அமுங்கிடுது” என்றார் வீட்டுக்காரர். அமுங்குகிறதே என்று அவருக்கு ஆறுதல். எனக்கு அதுதான் உறுத்தியது.

கொழுப்புக் கட்டி அப்படி நாளுக்கு நாள் கூடிக் குறையாது. மாஸ்ட் செல் கட்டி அப்படிச் செய்யும். ஒவ்வாமையில் பங்கெடுக்கும் நோயெதிர்ப்புச் செல்களில் கிளம்பும் புற்று அது. அதன் செல்களுக்குள், வீக்கமும் அரிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் அடங்கிய துகள்கள் நிறைந்திருக்கும். பிசைந்தால் அவை வெளியேறி, அந்த இடம் சிவந்து தடிக்கும். வாந்தி, இரைப்பைப் புண் வரைக்கும்கூடப் போகலாம். வீட்டில் தினமும் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

கையால் தொட்டே இன்ன கட்டி என்று சொல்ல எனக்கும் தெரியாது. மெல்லிய ஊசியைச் செருகி, வந்ததை ஸ்லைடில் பரப்பிச் சாயமேற்றிப் பார்ப்போம். பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டாம். அந்த லேப்ரடார் பிஸ்கட் தின்றுகொண்டே நின்றது. கொழுப்புக் கட்டியாக இருந்தால் ஸ்லைடு எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். இதிலோ வட்ட வட்டமான செல்கள், உள்ளே நாவற்பழச் சாறு தெறித்ததுபோல ஊதாத் துகள்கள்.

தோல் கட்டிகளை அவை எந்தச் செல்லிலிருந்து கிளம்பின என்று பார்த்துத்தான் பிரிக்கிறோம். மேல்தோல், எண்ணெய்ச் சுரப்பி வழி வந்தவை ஒரு வகை. கொழுப்பு, நார்த்திசு, ரத்தக்குழாய் வழி வந்தவை இன்னொன்று. மூன்றாவது வட்டச்செல் கட்டிகள். மாஸ்ட் செல் இதில்தான் சேரும். ஆனால் இதே வகையில் பரம சாதுவும் உண்டு: இளம் நாய்களுக்குச் சட்டைப் பொத்தான்போலச் சிவந்து எழும் ஹிஸ்டியோசைட்டோமா. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே மறைந்துவிடும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் டி.வி.டி. (TVT) என்ற தொற்றும் கட்டியும் வட்டச்செல்தான். இணைசேரும்போது புற்றுச்செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். பயங்கரமாகத் தெரிந்தாலும், வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அப்புறம் கிரேடு. செல்கள் எவ்வளவு முரடு என்பது கிரேடு. உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். பலரும் இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்படுகிறார்கள். தோலின் மாஸ்ட் செல் கட்டிகளை 1984-இல் பட்நாயக் குழுவினர் மூன்று கிரேடாகப் பிரித்தார்கள். நிறையக் கட்டிகள் நடுவிலுள்ள இரண்டாம் கிரேடில் போய் விழுந்தன. அதை வைத்து வீட்டுக்காரரிடம் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. 2011-இல் தாழ்ந்தது, உயர்ந்தது என இரண்டே பிரிவாக்கிய முறை வந்தது. எனக்கு அதுதான் உதவுகிறது. ஆனால் அறுத்தெடுத்த கட்டி ஃபார்மலினில் லேபுக்குப் போனால்தான் கிரேடு சரியாகத் தெரியும். வேறெங்கோ எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, திரும்ப முளைத்தபிறகு என்னிடம் வருபவர்களுக்கு நான் என்ன சொல்ல?

லேப்ரடாருக்குச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்தே வெட்டினேன். “நெல்லிக்காய்க்கு இவ்ளோ பெரிய தையலா?” என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: தாழ்ந்த கிரேடு, வெட்டிய ஓரங்களில் புற்றுச்செல் இல்லை. தையல் பிரிக்க வந்தபோதே கழுத்தில் இன்னொரு சின்னக் கட்டியைக் காட்டினார். இந்த முறை கொழுப்பு என்று அவர் சொல்லவில்லை. ஊசி செருகிப் பார்த்தேன். ஸ்லைடு மினுங்கியது.