ரூட்டர் அடாப்டரைப் பிடுங்கி கோரஸ் பெடலில் குத்தாதீர்கள்

போன வாரம் தலவாக்கலைப் பக்கமிருந்து திருத்துவதற்கு இன்னுமொரு கோரஸ் பெடல் (கிட்டார் சத்தத்தைத் தளும்ப வைக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) வந்தது. புத்தம் புதுசு, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. பின் மூடியைக் கழற்றினால் கருகல் வாடை. கரண்ட் உள்ளே வரும் துளைக்குப் பக்கத்து டயோட் (கரண்டை ஒரே திசையில் விடும் சின்னத் துண்டு) இரண்டாகப் பிளந்து கிடந்தது, பலகையில் கறுப்பாக ஒரு வட்டம்.

"எந்த அடாப்டர் தம்பி போட்டீங்க?"

"ரூட்டர்ல உள்ளதுதாண்ணே. பின் சரியா இருந்திச்சு."

பெடலின் துளைக்குள் குத்தும் பின் சரியாக இருந்ததாம்! கரோல் காலம், தோட்டத்துக் கோயில் திருவிழாக் காலம் என்று பேண்டுகள் கிளம்பும்போதெல்லாம் இதே கதைதான் என் மேசைக்கு வருகிறது. ஹட்டன், பொகவந்தலாவை, ராகலை என்று ஊர் மாறும், பெடலின் நிறம் மாறும், கருகிய இடம் மட்டும் மாறாது.

மலிவான கோரஸ் பெடல் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. இன்று மலிவாகக் கிடைக்கும் குட்டிப் பெடல்கள் கோயில் மேடைக்கும் சர்ச்சுக்கும் தாராளமாகப் போதும். தப்பு எங்கே என்றால், மாசக்கணக்கில் சேர்த்த காசை முழுசாகப் பெடலுக்குக் கொடுத்துவிட்டு, கரண்டுக்கு வீட்டில் எது கிடக்கிறதோ அதைப் போடுவதில். மலிவுப் பெடல்களின் பெட்டிக்குள் பெரும்பாலும் அடாப்டர் இருக்காது. ஓடர் போடும் முன் அதைப் பாருங்கள். பெடலும் அடாப்டரும் சேர்ந்ததுதான் விலை.

இனி, கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கேள்விக்கு வருகிறேன். "அண்ணே, பெடலுக்கு 20 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கு. 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் போட்டா எரிஞ்சிராதா?"

எரியாது. அடாப்டரில் போட்டிருக்கும் ஆம்பியர், அது அதிகபட்சம் எவ்வளவு தரமுடியும் என்ற கணக்கு. எவ்வளவு எடுப்பது என்பதைப் பெடல்தான் முடிவு செய்கிறது. கடையில் பத்து மூட்டை அரிசி அடுக்கியிருக்கிறது என்பதற்காக ஒரு கிலோ வாங்கப் போனவர் தலையில் பத்து மூட்டையையும் ஏற்றிவிட மாட்டார்கள் அல்லவா? 20 எடுக்கும் பெடல் 500 அடாப்டரிலும் 20தான் எடுக்கும், 2000 அடாப்டரிலும் 20தான் எடுக்கும். ஆம்பியர் கூடினால் பயமில்லை. குறைந்தால்தான் சிக்கல்: 100 எடுக்கும் டிஜிட்டல் பெடலுக்கு அதைவிடக் குறைந்த அடாப்டரைப் போட்டால் பெடல் ஆன் ஆகாது, அல்லது அரைகுறையாக ஆகிக் கரகரக்கும், அடாப்டரும் சூடேறும்.

இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவர் எழும்பி, "இல்லைண்ணே, என் கூட்டாளியோட பெடல் 2 ஆம்பியர்லதான் எரிஞ்சிச்சு" என்பார். எரிந்தது உண்மையாக இருக்கலாம், காரணம் வேறு. அந்த அடாப்டரில் கூட்டல் கழித்தல் தலைகீழாக இருந்திருக்கும். தலைகீழாகக் குத்தும்போது, பெடலைக் காப்பாற்ற வைத்திருக்கும் டயோட் முழுக் கரண்டையும் தன் மேலே வாங்கிக்கொள்ளும். சின்ன அடாப்டர் என்றால் அதுவே திணறி அடங்கிவிடும். 2 ஆம்பியர் அடாப்டர் அடங்காது, டயோட் பிளக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். ஆக எரித்தது தலைகீழ் இணைப்பு. பழி மட்டும் ஆம்பியருக்கு. இந்தப் பழிக்குப் பயந்துதான் நம் பிள்ளைகள் நல்ல அடாப்டரைக் கடையிலேயே வைத்துவிட்டு, "மில்லி ஆம்பியர் குறைஞ்சது" என்று தேடித் தப்பானதை வாங்கி வருகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வோல்ட், அப்புறம் நடுமுனை, அதாவது பின்னின் உள்துளை கூட்டலா கழித்தலா என்பது.

கிட்டார் பெடல் உலகத்தின் வழக்கம் 9 வோல்ட் டீசி, நடுமுனை கழித்தல். வீட்டுச் சாமான்களின் வழக்கம் இதற்கு நேர் எதிர். ரூட்டர், சீசீடிவி கமரா அடாப்டர்கள் அநேகமாக எல்லாமே நடுமுனை கூட்டல், பலது 12 வோல்ட் வேறு. பின்னின் அளவு மட்டும் இரண்டுக்கும் ஒன்று: வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1. அதனால்தான் கச்சிதமாக உள்ளே போய் உட்காருகிறது, ஆளையும் ஏமாற்றுகிறது.

அடாப்டரின் முதுகில் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் புள்ளி, அதைச் சுற்றி வாய் திறந்த வளையம், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கோடு. புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிய வேண்டும். பெடலின் துளைக்குப் பக்கத்திலும் அதே படம் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பை வெளியிலும் வையுங்கள். நம்பருக்கு முன் கழித்தல் குறி வந்தால் அது பெடலுக்கானது. மீட்டர் இல்லையா, பக்கத்து ரேடியோ கடையில் காட்டுங்கள், அரை நிமிட வேலை. முதுகில் "அவுட்புட் ஏசி" என்று இருந்தால் அது 9 வோல்ட்டாகவே இருந்தாலும் வேண்டாம்.

12 வோல்ட் போட்டால் சத்தம் கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்ததோ! மலிவான அனலொக் கோரஸ் பெடல்கள் பலவற்றுக்குள் சத்தத்தைத் தாமதிக்க இருக்கும் சில்லு 3207 வகை. அது தாங்குவதே 10 வோல்ட் வரைதான். அதற்கு முன்னால் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் இருந்தால் தப்பலாம். இல்லாவிட்டால் டயோட் மாற்றுவதோடு வேலை முடியாது. டயோட் ஒரு பிளேன்டீ விலைகூட இல்லை. அந்தச் சில்லைத் தேடிக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எமன்கள் இருக்கிறார்கள். முதலாவது, பக்கத்தில் நகர்த்தும் சுவிட்ச் வைத்து 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று எல்லா வோல்ட்டும் தருகிற அந்த அடாப்டர். பையில் போட்டு பஸ்ஸில் வரும்போது சுவிட்ச் தானாக 12க்கு நகர்ந்திருக்கும். அதன் பின்னைக் கழற்றித் திருப்பிப் போடலாம் என்பதால் தலைகீழாகவும் மாட்டுப்படும். போதாததற்கு 9இல் வைத்தாலே மீட்டரில் 12க்கு மேல் காட்டும் ரகங்களும் உண்டு, கூடவே 'ஹ்ம்ம்' என்று ஓர் இரைச்சல். இரண்டாவது, 2022 மின்வெட்டுக் காலத்தில் பவர் பேங்கிலிருந்து ரூட்டரை ஓட்ட வாங்கினோமே, அந்த வயர். அதுவும் ரூட்டருக்குச் செய்ததுதான், நடுமுனை கூட்டல். பெடலுக்கென்றே அதே மாதிரி வயர்கள் வருகின்றன, படத்தைப் பார்த்து அதை வாங்குங்கள்.

சரி, எந்தப் பெடல்?

கோரஸ் என்பது உங்கள் சத்தத்தின் ஒரு பிரதியைக் கொஞ்சம் தாமதித்து, அந்தத் தாமதத்தை ஏற்றி இறக்கி, அசலோடு கலப்பது. அவ்வளவுதான். பொஸ் கொம்பனி 1976இல் சிஈ-1 என்ற பெரிய பெட்டியாக இதைத் தந்தது. 1979இல் வந்த கைக்கடக்கமான சிஈ-2இல் ரேட் (ஏற்றி இறக்கும் வேகம்), டெப்த் (அதன் ஆழம்) என்று இரண்டே குமிழ்கள். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் கிட்டார் தண்ணீர்போல் தளும்புகிறதே, அந்த ருசிக்கு இரண்டு குமிழே போதும். எட்டுக் குமிழ் இருந்தால் எட்டு மடங்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். வாங்க முடிந்தால் மூன்றாவதாகக் கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ளதைப் பாருங்கள், மேடையில் உதவும்.

குட்டிப் பெடல்களில் மூவர் என்செம்பிள் கிங், டொனர் டுட்டி லவ் போன்றவை பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குள் பெட்டரி வைக்க இடமில்லை, அடாப்டர்தான் கதி. டீசி எலக்ட்ரோனிக் ஆஃப்டர்குளோவுக்கு உலோக உடம்பு. பெஹ்ரிங்கர் யுசி 200க்குப் பிளாஸ்டிக், விலையும் அதற்கேற்ப. மேசையில் வைத்துக் கையால் தட்டுபவருக்குப் பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது. சப்பாத்துக் காலால் மிதிப்பவர் உலோகத்துக்குப் போங்கள். ஸ்டீரியோ வெளியீட்டுக்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள், நம் மேடைகளில் உங்களுக்குக் கிடைக்கப் போவது ஒரே ஒரு சனல்தான். அனலொக்கா டிஜிட்டலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கண்ணை மூடிக் கேட்டுப் பிடித்ததை எடுங்கள். டிலே, ரிவர்ப், டிஸ்டோர்ஷன் என்று வேறு எஃபெக்ட்களும் வேண்டும் என்பவருக்குத் தனிப் பெடல் வேண்டாம், சூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கினால் கோரஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது நாலு டபுள் ஏ பெட்டரியிலும் ஓடும்.

பழைய பெடல் மலிவாகக் கிடைத்தால் ஒரு விஷயம். பொஸ்ஸின் ஆரம்பகாலப் பெடல்கள் சிலவற்றில் 'ஏசிஏ' அடாப்டர் என்று அச்சிட்டிருக்கும். அவை அந்தக் காலத்து 12 வோல்ட் அடாப்டருக்குச் செய்தவை. இன்றைய 9 வோல்ட்டைப் போட்டால் விளக்கு மங்கும், சத்தமும் சோர்ந்திருக்கும். பெடல் பழுதில்லை.

கடையில் சோதிக்கும்போது உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். ரேட்டை நடுவில் வைத்து, கம்பிகளைக் கையால் அமத்திவிட்டு, பெடலை மட்டும் ஆன் செய்து காதைக் கொடுங்கள். 'டிக்... டிக்...' என்று ஒரு துடிப்பு கேட்டு, ரேட்டைத் திருப்பும்போது அதுவும் வேகம் மாறினால் அந்தப் பெடலை அங்கேயே வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு கோர்டை நீளமாக அடித்து ஆன், ஓஃப் செய்யுங்கள். ஆன் பண்ணினால் சத்தம் சட்டென்று இறங்கும் பெடல் மேடையில் உங்களைக் காணாமல் ஆக்கிவிடும்.

அடுத்தது நம் பக்கத்துக்கே உரிய பிரச்சினை. இங்கே எத்தனை பேரிடம் கிட்டார் ஆம்ப் இருக்கிறது? கோயில் மேடையானாலும் சர்ச் ஆனாலும் கிட்டார் பெடலுக்குள் போய், அங்கிருந்து நேரே சவுண்ட் செட்டின் மிக்ஸருக்குள் போகிறது. பெடல் ஆனில் இருந்தால் பளிச்சென்று இருக்கும், ஓஃப் செய்ததும் கம்பளி போர்த்தியதுபோல் மங்கும். உடனே "ஓஃப் பண்ணினா சத்தம் செத்துப்போகுது" என்று பெடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒரு கோளாறும் இருக்காது. 'ட்ரூ பைபாஸ்' பெடல் ஓஃப் ஆனால் வெறும் வயர் மாதிரிதான், கிட்டாரின் பலவீனமான சிக்னல் நேரே மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் போய் மோதுகிறது, உயர் சுரங்கள் தொலைகின்றன. விளம்பரத்தில் ட்ரூ பைபாஸைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்று அதைத் தேடி அலையாதீர்கள். நேரே மிக்ஸருக்குப் போகிறவர்களுக்கு, ஓஃப் செய்தாலும் சிக்னலைப் பலமாக்கி அனுப்பும் 'பஃபர்' உள்ள பெடல்தான் நல்லது. பொஸ் பெடல்கள் அப்படித்தான். இருப்பது ட்ரூ பைபாஸ் என்றால் இடையில் ஒரு டீஐ பொக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போடுங்கள், அல்லது மிக்ஸரில் கிட்டாருக்கென்று 'ஹை இஸட்' என்று குறித்த துளை இருந்தால் அதில் குத்துங்கள்.

பெட்டரி போடுகிறவர்கள் வாசித்து முடித்ததும் கிட்டார் வயரைப் பெடலிலிருந்து உருவிவிடுங்கள். இன்புட்டில் வயர் குத்தியிருக்கும்வரை, விளக்கு அணைந்திருந்தாலும் பெட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். தீர்ந்த பெட்டரியை மாசக்கணக்கில் உள்ளே விட்டால் கசிந்து கிளிப்பை அரித்துவிடும். நுவரெலியாக் குளிரிலும் பனியிலும் வயர் குத்தும் ஜக்குகள் பச்சை பூக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காய்ந்த டப்பாவில், சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரைச்சல் வருகிறதென்று ஆம்பின் எர்த் வயரை வெட்டாதீர்கள். பேனா மூடியால் எர்த் துளையைத் திறந்து ரெண்டு முள் பிளக்கைத் திணிக்காதீர்கள். லயத்து வீடுகள் பலவற்றில் எர்த்தே ஒழுங்காக இல்லை. ஆம்பின் எர்த் விட்டுப்போய் உள்ளே ஒரு கசிவும் இருந்தால், உங்கள் கையிலிருக்கும் கிட்டார்க் கம்பியிலேயே 230 வோல்ட் வந்து நிற்கலாம். பாடப்போய் மைக்கில் உதடு பட்டு 'சுள்'ளென்று இழுத்தால் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். வாசிப்பதை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வயர்மனைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெடல் செத்துப்போய் என்னிடம் வருகிறீர்கள் என்றால், அந்த அடாப்டரையும் கொண்டு வாருங்கள். பெடலை மட்டும் திருத்தி அனுப்பினால், வீட்டுக்குப் போனதும் அதே அடாப்டரைத்தான் குத்துவீர்கள்.