கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் பையன்

மே மாதம் பாதி ஆனதும் என் கிளினிக்குக்கு ஒரே கேள்வியோடு அம்மாக்கள் வரத் தொடங்குவார்கள். ஜூனில் எல்கேஜி, டயப்பர் போட்டு அனுப்பக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், பையன் இன்னும் பழகவில்லை, மூன்று வாரத்தில் எப்படிப் பழக்குவது? பெரும்பாலும் பையன்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நான் குழந்தை மருத்துவர். இதற்குப் பதிலாக அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்தான், ஆனால் போன வருடம் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னால் விஷயம் நன்றாகப் புரியும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூன்றே கால் வயது. மூச்சா வந்தால் சொல்லிவிடுவான், பகலில் ஒரு சொட்டு உடுப்பில் விழாது. கக்கா மட்டும் ஜட்டியில்தான். அதுவும் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணியாகவும் பசையாகவும். அம்மா வயிற்றுப்போக்கு என்று நினைத்து மெடிக்கல் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டி வேறு முடிவுக்கு வந்திருந்தார். "வேணும்னே செய்றான் டாக்டரம்மா. டாய்லெட்ல உக்கார வச்சா அரை மணி நேரம் ஆனாலும் ஒண்ணும் போகமாட்டான். எந்திரிச்சு வந்து கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு முக்குவான். அவங்கப்பா ரெண்டு அடி போட்டும் பாத்தாச்சு."

கதவுக்குப் பின்னால் எப்படி நிற்கிறான் என்று கேட்டேன். அம்மா எழுந்து நின்று செய்தே காட்டினார்: நுனிக்காலில் நின்று, இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி, முகமெல்லாம் சிவந்து போய். பார்க்கிறவர்களுக்கு அது முக்குவது மாதிரிதான் தெரியும். உண்மையில் அந்தக் குழந்தை வெளியே வருவதைத் தன் பலம் முழுவதையும் கூட்டி உள்ளே தடுத்துக்கொண்டிருக்கிறது. போக வேண்டும் என்று நினைக்கிற குழந்தை குந்தும், குனியும், காலை அகட்டும். காலைப் பின்னிக்கொண்டு விறைப்பாக நிற்கிற குழந்தை அடக்குகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பெற்றோர் கண்டுபிடித்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். இடது அடிவயிற்றில் காய்ந்த களிமண் உருண்டை மாதிரி கையில் தட்டுப்பட்டது. ஜட்டியில் வந்துகொண்டிருந்தது வயிற்றுப்போக்கு இல்லை. உள்ளே கெட்டியாகித் தேங்கிய மலத்தைச் சுற்றிக்கொண்டு, மேலிருந்து வரும் இளகிய மலம் கசிந்து கொண்டிருந்தது. இதற்குப் போய் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது எப்போது தொடங்கியது என்று தோண்டித் தோண்டிக் கேட்டதில் ஒரு காய்ச்சலில் போய் நின்றது. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, மலம் இறுகிப்போய் ஒரு நாள் ஆசனவாயில் சின்னதாகக் கிழிந்து ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது மறுநாளே மறந்து போகும். இரண்டரை வயதுக் குழந்தைக்கு மறக்காது. அடுத்த முறை வரும்போது அது வலியை நினைத்து அடக்குகிறது. அடக்க அடக்க, பெருங்குடல் அந்த மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும், அதனால் இன்னும் அதிகமாக அடக்கும். இப்படியே மாதக்கணக்கில் போனால் மலக்குடல் விரிந்து தளர்ந்துவிடுகிறது. 'நிறைந்துவிட்டது, போக வேண்டும்' என்ற உணர்வே மங்கிவிடுகிறது. அதன்பிறகு ஜட்டியில் கசிவது அந்தக் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. "பக்கத்துல இருக்குற எங்களுக்கு நாத்தம் அடிக்குது, இவனுக்குத் தெரியலையா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை, அதுதான் உண்மை. எதற்கு அடி விழுகிறது என்று புரியாமலே அந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்கிறான். இதைச் சொன்னபோது அவன் அப்பா குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால் நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒரு விஷயம்: முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்ய வேண்டும், பழக்குவதெல்லாம் அப்புறம். அந்தப் பையனுக்கு டாய்லெட் பழக்கத்தையே இரண்டு மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னேன். கக்கா வருகிறது என்று கேட்டால் டயப்பரைப் போட்டு விடுங்கள், கதவுக்குப் பின்னால் நின்றே போகட்டும், ஒரு வார்த்தை சொல்லாதீர்கள் என்றேன். ஸ்கூல் திறக்கப் போகிறதே என்று அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் வலி இல்லாமல் போகலாம் என்று அவன் உடம்பு திரும்பக் கற்றுக்கொள்ளாதவரை, எந்த நட்சத்திர ஸ்டிக்கரும் எந்தச் சாக்லெட்டும் வேலை செய்யாது.

மருந்து பற்றி ஒரு பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, குடலுக்குப் பழகிவிடுமோ என்று. இப்போது குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடி, இல்லையென்றால் லாக்டுலோஸ் சிரப். இவை குடலை அடித்து விரட்டுவதில்லை, தண்ணீரை மலத்திலேயே பிடித்து வைத்து இளக வைக்கின்றன, அவ்வளவுதான். குடல் இவற்றுக்கு அடிமையாவதில்லை. தேங்கியிருப்பதை வெளியேற்ற முதல் சில நாட்கள் கூடுதல் அளவு, பிறகு தினமும் ஒரு அளவு. அளவை மருத்துவர் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு மாதம், பல குழந்தைகளுக்கு அதற்கும் மேல். இதில் எல்லோரும் செய்யும் தவறு, பத்து நாளில் நன்றாகப் போகிறான் என்று தாங்களாகவே நிறுத்திவிடுவது. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். அதற்குள் நிறுத்தினால் ஒரே ஒரு கெட்டி மலம் போதும், பழைய பயம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டைச் செருகுவது, இதெல்லாம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சோப்பு உள்சவ்வைப் புண்ணாக்கும் என்பது ஒரு பக்கம். அந்த இடத்தைப் பற்றி ஏற்கனவே பயந்து போயிருக்கும் குழந்தையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒன்றைச் செருகினால் அவனுக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் பால். இந்தப் பையன் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பக்கம் குடித்துக்கொண்டிருந்தான், அதில் பாதி புட்டியில், தூக்கத்தில். பாலில் நார்ச்சத்து கிடையாது, இரும்புச்சத்தும் மிகக் குறைவு, வயிறு அதிலேயே நிறைந்துவிடுவதால் சோறும் காயும் இறங்காது. மூன்று வயதில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் போதும், டம்ளரில். நார்ச்சத்துக்கு நாங்கள் சொல்லும் எளிய கணக்கு வயதோடு 5 கூட்டிக்கொள்வது, மூன்று வயதுக்கு 8 கிராம். 100 கிராம் கொய்யாப்பழத்திலேயே ஐந்து கிராமுக்கு மேல் இருக்கிறது, கூட ஒரு கைப்பிடி கீரைக் கூட்டு, கொஞ்சம் சுண்டல், அவ்வளவுதான். இதற்கென்று டப்பாவில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை.

சரி, மலச்சிக்கல் இல்லாத பையனுக்கு எப்போது தொடங்கலாம்? வயதை விட அறிகுறிகளைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் டயப்பர் நனையாமல் இருக்கிறதா, ஜட்டியைத் தானே இறக்கத் தெரிகிறதா, போய் முடித்த பிறகாவது வந்து சொல்கிறானா. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிற குழந்தைகூட ஒரு வகையில் தயாராகிவிட்டது, வரப்போகிறது என்று அதற்குத் தெரிகிறது. இவையெல்லாம் பொதுவாக ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் வரும். டி. பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962-இல் 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்துதான் குழந்தை தயாராகும்வரை காத்திருக்கும் இந்த முறை பரவியது. அதிலும் பையன்களுக்குப் பெண் குழந்தைகளை விடச் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாக ஆகியிருக்கிறது. அக்கா இரண்டு வயதிலேயே பழகிவிட்டாள் என்று தம்பியை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

உடனே பாட்டிமார்கள் சொல்வார்கள், "இவங்கப்பன் ஒரு வயசுலயே பழகிட்டான், நாங்க என்ன டயப்பரா போட்டோம்?" அவர்கள் சொல்வது பொய் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையைக் குந்த வைத்து, 'உஸ்ஸ்' என்று சத்தம் கொடுத்துப் போக வைத்தவர்கள் அவர்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் போவான், முகம் எப்படி மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். அருமையான முறை அது, கால் ஊன்றிக் குந்தும்போது மலக்குடலின் வளைவு நிமிர்ந்து மலம் சுலபமாக இறங்கும். ஆனால் அதற்கு நாள் முழுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், கழுவிவிடக்கூடிய தரை வேண்டும், அரைஞாண் கயிற்றோடு சுற்றித் திரியும் பிள்ளை வேண்டும். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வேலைக்குப் போகும் மருமகளிடம் அந்த வாழ்க்கையைக் கொடுக்காமல் அதன் பலனை மட்டும் கேட்பது நியாயமில்லை.

அந்த முறையிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, கால் ஊன்றி உட்காருவது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் பெரியவர்களுக்கே கஷ்டம். ஓட்டையைச் சின்னதாக்கும் சீட் ஒன்றும், காலுக்கு ஒரு மனையும் போடுங்கள், முழங்கால் இடுப்பை விட உயர்ந்து இருக்க வேண்டும். கடையில் 'பாட்டி சேர்' (potty chair) என்று விற்கும், குழந்தை உட்கார்ந்து போகிற குட்டி நாற்காலியும் நல்லதுதான். நம் ஊர் கக்கூஸில் உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயம் நிறையக் குழந்தைகளுக்கு உண்டு, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து பத்து இருபது நிமிடத்தில் உட்கார வையுங்கள், வயிறு நிறைந்தால் பெருங்குடல் தானாக அசையும், அது இயற்கை. ஐந்து நிமிடம் போதும், வரவில்லையென்றால் எழுப்பிவிடுங்கள். பாட்டி சொன்ன அந்த அரை மணி நேரம், தண்டனை. சித்திரை வெயிலில் ஜட்டியோடு விட்டுப் பழக்குவது சுலபம். கழுவிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் அப்போதே சேர்த்துப் பழக்கிவிடுங்கள்.

பையன்களுக்கென்று சில விஷயங்கள். முதலில் இரண்டுக்கும் உட்கார்ந்தே பழக்குங்கள், நின்று போகப் பழகிய பையன் உட்கார மறுப்பான். பிறகு அப்பாவைப் பார்த்து நிற்கக் கற்றுக்கொள்வான், அது தானாக நடக்கும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள், இந்த வயதில் அது ஒட்டியிருப்பது இயல்பு, வருடங்கள் போகப் போக விலகும், வலுக்கட்டாயமாகத் தள்ளினால் கிழிந்து தழும்பாகும். ஒரு தடவையாவது அவன் மூச்சா போவதைக் கவனித்துப் பாருங்கள். பையன்களுக்கு அது விசையாக வளைந்து விழ வேண்டும். எப்போதும் சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிப் போனால் காத்திருக்காமல் காட்டுங்கள். சிறுநீர்ப்பாதையில் பிறவியிலேயே இருக்கும் சவ்வு அடைப்பு பையன்களுக்கு மட்டும் வருவது, தாமதித்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிறந்து இரண்டு நாளாகியும் முதல் மலம் போகாத குழந்தை, வயிறு உப்பிக்கொண்டே இருக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, முதுகின் அடியில் ஆழமான குழியோ முடிக்கொத்தோ உள்ள குழந்தை, இவர்களையும் காத்திருக்காமல் காட்டுங்கள்.

இரவு நனைப்பது தனிக் கணக்கு. இரவில் நனைக்காமல் இருப்பது பழக்கத்தால் வருவதில்லை, அதற்கு மூளையும் சிறுநீர்ப்பையும் முதிர வேண்டும். ஐந்து வயதிலும் ஏறக்குறைய ஏழு குழந்தைகளில் ஒன்று படுக்கையை நனைக்கும், அதில் பையன்களே அதிகம். படுக்கையை நனைத்ததற்காகத் தொடையில் சூடு வைக்கப்பட்ட குழந்தைக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். தூக்கத்தில் நடந்ததற்கு அந்தத் தழும்பு. இதைப் படிப்பவர்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் யாராவது அப்படி மிரட்டுவது காதில் விழுந்தால் போய்ப் பேசுங்கள்.

அந்தப் பையன் ஜூனில் பள்ளிக்குப் போனான், கக்கா இன்னும் வீட்டில், டயப்பரில்தான். ஆகஸ்டில் டயப்பரோடே டாய்லெட் சீட்டில் உட்கார ஒப்புக்கொண்டான். செப்டம்பரில் அம்மா டயப்பரில் ஒரு ஓட்டை வெட்டிவிட்டார், அடுத்த வாரம் அதுவும் வேண்டாம் என்றான். மருந்தைப் பொங்கல் கழித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

ஆனால் பள்ளியின் டாய்லெட்டில் மட்டும் அவன் ரொம்ப நாள் போகவில்லை. ஈரத் தரை, தாழ்ப்பாள் இல்லாத கதவு, வாசலில் கூட்டம். அதனால் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், மூன்றே வரி. கேட்டவுடன் அனுப்புங்கள், இடைவேளை வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஆயாம்மா வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். உடுப்பில் பட்டுவிட்டால் பையில் மாற்றுத் துணி இருக்கிறது, மற்ற பிள்ளைகள் முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம்.