செயற்கூறு: ‘டிஃபன்’ எதை வரையறுக்கிறது?

‘இந்தச் செயல்பாட்டின் செயல்பாடு கோணத்தை மாற்றுவதாகும்’ என்றொரு வரியை ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளுக்கான நிரல்மொழியாகிய ஆட்டோலிஸ்ப்பின் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் படித்தேன். முதலாவது, நிரலில் ஒரு வேலைக்காகப் பெயரிட்டு எழுதும் ‘ஃபங்ஷன்’; இரண்டாவது, அது செய்யும் வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டு, மாணவருக்கு விளங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

ஃபங்ஷனின் வேர், நிறைவேற்றுதலைக் குறிக்கும் லத்தீன் சொல். ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழியில் வந்த ஆட்டோலிஸ்ப், 1986இல் ஆட்டோகேடில் சேர்ந்தது. அதிலுள்ள ‘டிஃபன்’, ‘டிஃபைன் ஃபங்ஷன்’ என்பதன் சுருக்கம்; காலைச் சிற்றுண்டிக்கும் அதற்கும் உறவில்லை.

‘செயல்பாடு’ என்ற சொல்லை விலக்கியவர்கள் அடுத்து நாடுவது ‘சார்பு’. ஒன்றன் மதிப்பு மற்றொன்றைச் சார்ந்திருப்பதைச் சொல்லும் அருமையான கணிதச் சொல் அது. ஆட்டோலிஸ்ப் கோணங்களை ரேடியனில் கேட்பதால், 180 பாகையைக் கொடுத்தால் ‘பை’ (π) என்னும் மதிப்பைத் திருப்பித் தரும் சிறு துண்டொன்றைப் பலரும் எழுதி வைத்திருப்பார்கள், அதைத் தாராளமாகச் சார்பு எனலாம். ஆனால் அதே டிஃபனைக் கொண்டு, பெயருக்கு முன் ‘சி:’ என்னும் ஒட்டைச் சேர்த்துப் புதுக் கட்டளையையும் ஆக்குகிறோம் (இந்த ‘சி’யை வன்தட்டின் பெயரென்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு). கட்டளை வரியில் அப்பெயரைத் தட்டியதும் அது ஒரு புள்ளியைக் கேட்டு, 230க்கு 450 மில்லிமீட்டர் தூணொன்றை வரைந்துவிட்டு ஓய்கிறது. அதற்கு நாம் அளபுரு (உள்ளீடாகத் தரும் மதிப்பு) எதுவும் கொடுப்பதில்லை. அது தரும் மதிப்பும் நமக்கு வேண்டாம். வேண்டாததால்தான், வெறுமையைக் குறிக்கும் ‘நில்’ (nil) என்று திரையில் எட்டிப் பார்க்காதிருக்க, இறுதியில் திரையில் எழுதும் ‘பிரின்க்’ ஒன்றை, எழுத எதுவும் கொடுக்காமல், போட்டு முடிக்கிறோம். இதில் எது எதைச் சார்ந்திருக்கிறது?

இரண்டையும் தாங்குவது, பள்ளிக் கணினிப் பாடநூல்களில் புழங்கும் ‘செயற்கூறு’தான். கூறு என்றால் வெறும் பகுதிதானே என்பார்கள். ஆம், நிரலிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட பகுதி. அதைத்தானே டிஃபன் செய்கிறது!

இப்படி நாமே ஆக்கும் கட்டளையைக் குறிக்கும் ‘கஸ்டம் கமாண்ட்’டைச் ‘சுங்கக் கட்டளை’ ஆக்கிய இயந்திர மொழிபெயர்ப்பைக்கூட மன்னித்துவிடலாம். மனிதர்கள் யோசித்து எழுதும் ‘தனிப்பயன் கட்டளை’தான் உறுத்துகிறது. ஒருவர் எழுதிய தூண் கட்டளையை அலுவலகமே ஏற்றி வைத்துக்கொண்டு நாள் முழுக்க வரைகையில், அதில் தனிப்பயன் எங்கிருந்து வந்தது? மென்பொருளோடு வராமல் பயன்படுத்துவோர் ஆக்கிக்கொண்டது என்பதால், ‘பயனர் கட்டளை’ என்றே நான் எழுதுகிறேன்.