தீட்டு நின்ற பிறகும் கருப்பைவாய்ப் பரிசோதனை

"தீட்டு நின்னு பத்து வருஷம் ஆச்சு, எனக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?" மகளுக்குத் துணையாக வரும் அம்மாக்கள் பலரும் இப்படிச் சொல்லிவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உடலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம். அந்தத் தொற்று நீங்காமல் தங்கிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். முப்பதுகளில் வந்து தங்கியது ஐம்பதுகளில் தலைகாட்டுவது அதனால்தான்.

முகாம்களில் கருப்பைவாயில் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இளம் வயதில் நல்ல சோதனை. 2007இல் வெளியான திண்டுக்கல் மாவட்ட ஆய்வில் இதனால் அதிகம் பலனடைந்தவர்கள் முப்பதுகளில் இருந்த பெண்கள். புற்று பெரும்பாலும் தொடங்குவது, வெளிப்பக்கச் செல்களும் உட்பக்கச் செல்களும் சேரும் வளையத்தில். தீட்டு நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வற்றியதும் அந்த வளையம் கருப்பைவாயின் உள்குழாய்க்குள் ஏறிக்கொள்கிறது. பார்க்க வேண்டிய இடமே கண்ணில் படாதபோது, 'ஒன்றும் இல்லை' என்ற முடிவை நம்பி இருக்க முடியாது.

கருப்பைவாய்ச் செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியரிலும் சிக்கல் உண்டு. வறண்டு மெலிந்த செல்கள் போதிய அளவு கிடைக்காது. கிடைத்தாலும் சில நேரம் கோளாறான செல் போலவே தெரியும். சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வைத்துவிட்டு மறுபடி எடுப்பது வழக்கம். மார்பகப் புற்று வந்தவர்கள், இந்த க்ரீம் தரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். வலிக்குமே என்று பயந்தால் சிறிய ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) கேளுங்கள், தயங்காதீர்கள்.

இந்த வயதுக்குப் பொருத்தமானது எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. வைரஸைத் தேடுவதால் வளையம் தெரிந்தாக வேண்டியதில்லை. வசதியுள்ள இடங்களில் பஞ்சுக்குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். பாசிட்டிவ் என்றால் புற்று என்று அர்த்தமில்லை. கணவர் மீதும் சந்தேகம் வேண்டாம். பல ஆண்டு உறங்கிக் கிடந்த கிருமி, எதிர்ப்புச் சக்தி தளரும்போது மீண்டும் தெரியலாம். அதிக ஆபத்தான 16, 18 வகை வைரஸ் என்றால் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயைப் பார்க்கும் சோதனை. அதிலும் வளையம் தெரியாவிட்டால் உள்குழாயிலிருந்து திசு எடுத்தார்களா என்று கேளுங்கள்.

50 வயதைத் தாண்டியவர்கள், உரிய இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு முறை நெகட்டிவ் வந்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தடவைகூடச் செய்யாதவருக்கு இது பொருந்தாது. கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பாருங்கள்: கருப்பைவாய்ப் பகுதியை விட்டுவைத்திருந்தால் பரிசோதனை தொடர வேண்டும்.

தீட்டு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், போன மாதம்தான் நெகட்டிவ் வந்திருந்தாலும், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.